ஐஸில் போன துண்டு

குளோரியின் தாடையிலிருந்து சோதனைக்கு வெட்டியெடுத்த துண்டுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று முடிவானது. எடை போட்டால் ஒரு நெத்திலிக்குப் பாதி வராது. ஏசுஅடிமை முப்பது வருடமாகக் குளச்சல் கடற்கரையில் மீன் எடுத்துத் திருவனந்தபுரத்துக்கு அனுப்புகிறவர். கிலோ கணக்கில் பார்த்தால் இந்த விலைக்கு எந்தக் கடலிலும் சரக்கு கிடையாது என்று அவருக்குத் தோன்றியது. ஆயிரத்து ஐந்நூறில் ஆரம்பித்ததை அவர்தான் இறக்கினார்.

"அண்ணே, இது அக்காவுக்க தாடை. சாளைக் கூறு இல்ல" என்றார் சபிதா டாக்டர்.

"தெரியும் பிள்ளே. சாளைன்னா ஒரே வாக்குல முடிச்சிருப்பேன்."

நாற்காலியில் வாய்நிறையப் பஞ்சோடு சாய்ந்திருந்த குளோரி, பேச முடியாத குறைக்கு, காலை நீட்டி அவர் முழங்காலில் ஒரு உதை விட்டாள். இருபத்தாறு வருடத்துக் குடித்தனத்தில் அவள் சொல்ல வந்ததை அவர் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டது அபூர்வம். பர்ஸை எடுத்தார்.

விஷயம் தவக்காலத்தில் ஆரம்பித்தது. குளோரியின் இடதுபக்கக் கீழ்த்தாடையில், கடைவாய்ப் பல்லுக்கு அடியில், ஒரு சிறிய வீக்கம். அந்தப் பல்லில் சொத்தை இருந்தது. சொத்தைப் பல்லும் வீங்கின தாடையும் ஒரே இடத்தில் இருந்தால் டாக்டர் படிப்பு படிக்காதவனும் சீழ் என்றுதான் சொல்லுவான். கடைத்தெருவில் மாடியேறிப் போகும் பல் ஆஸ்பத்திரியில் இருந்த, படித்த டாக்டரும் அதையே சொன்னார். ஐந்து நாள் காப்ஸ்யூல். பிறகு இன்னும் பெரிய காப்ஸ்யூல் ஐந்து நாள். ஈஸ்டர் கழிந்து பல்லைப் பிடுங்கினார். வீக்கம் தன்பாட்டுக்கு இருந்தது. சொத்தையும் வீக்கமும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள், அவ்வளவே, இரண்டுக்கும் சொந்தபந்தம் கிடையாது என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

வலி இல்லாததால்தான் எல்லாரும் ஏமாந்தார்கள். "வலிச்சாத்தானே நோவு. இது சும்மா இரிக்கு. நாமளும் சும்மா இருப்போம்" என்பாள் குளோரி. வலதுபக்கமாகச் சவைத்துக்கொண்டு, இரணியல் சந்தைக்குப் போகும் பெண்களுக்கு மீன் பிரித்துக் கொடுத்துக்கொண்டு, பாக்கி வைத்தவர்களை ஏசிக்கொண்டு மூன்று மாதத்தை ஓட்டினாள். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் லிஜி ஒருநாள் வாட்ஸாப்பில் முகம் பார்த்துப் பேசும்போது சொன்னாள்: "அம்மா, போனை நேரா பிடி." குளோரி நேராகத்தான் பிடித்திருந்தாள். லிஜி முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "நேராத்தான் பிடிச்சிருக்கியா" என்று கேட்டாள். மறுநாளே இரணியலில் சபிதா டாக்டரிடம் போகவேண்டும் என்று அங்கிருந்தே உத்தரவு வந்தது. லிஜியோடு பள்ளிக்கூடத்தில் படித்த பெண் அவர்.

சபிதா முதலில் மருந்து எழுதவில்லை. அது ஏசுஅடிமைக்குப் பிடித்திருந்தது. எடுத்த எடுப்பில் விலை சொல்லாத வியாபாரியிடம் அவருக்கு எப்போதும் மரியாதை உண்டு. சபிதா ஒரு சிறிய பஞ்சைக் குளிர்ந்த மருந்தில் நனைத்து, வீக்கத்தின்மேல் இருந்த பற்களில் ஒவ்வொன்றாக வைத்தார். குளோரி ஒவ்வொன்றுக்கும் துள்ளினாள்.

"கூசுகா அக்கா?"

"பின்ன. கொல்லவா பாக்க?"

"செத்த பல்லுதான் வேருல சீழ் வைக்கும். செத்த பல்லு கூசாது. இது நாலும் உயிரோட இரிக்கு. அப்ப அடியில இருக்கது என்னது?"

கட்டைவிரலை உள்ளே விட்டு வீக்கத்தை மெல்ல அழுத்தினார். எலும்பாக இருக்கவேண்டிய இடம் முட்டை ஓடு மாதிரி அமுங்கி மீண்டது. சபிதாவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் அவர் விரலை எடுக்காமல் ஒரு நொடி கூடுதலாக வைத்திருந்ததை ஏசுஅடிமை பார்த்தார். நல்ல மீன் என்று நினைத்து எடுத்ததைச் செவுள் தூக்கிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைக்கிறவனின் கை அது.

நாகர்கோவிலில் போய் முழுத்தாடைக்கும் படம் எடுத்து வரச் சொன்னார். படத்தில் குளோரியின் இடதுதாடை சோப்பு நுரை மாதிரி வட்டம் வட்டமாக இருந்தது. மேலே நின்ற பற்களின் வேர்கள் கத்தி வைத்து அறுத்தாற்போலப் பாதியோடு நின்றன.

"இதுல எலும்பு எங்க?" என்று கேட்டார் ஏசுஅடிமை.

"அதத்தான் அண்ணே நானும் தேடுகேன்."

சீழ் இல்லை, இது கட்டி என்றார் சபிதா. அபூர்வமாக வருவது. பல் முளைக்கவைக்கிற திசு, வேலை முடிந்த பிறகும் ஓயாமல் உள்ளேயே பெருகினால் இப்படி ஆகும். இதே மாதிரி படம் காட்டுகிற வேறு இரண்டு மூன்று கட்டிகளும் உண்டு. சிலதைச் சுரண்டி எடுத்தால் போதும். சிலதை எலும்போடு வெட்டி எடுக்கவேண்டும். வெட்டவேண்டியதைச் சுரண்டினால் திரும்ப வந்து மிச்சத்தையும் தின்னும். சுரண்டினால் போதும் என்கிறதை வெட்டினால் நல்ல தாடை வீண்.

"மனசுல ஒரு பேரு இரிக்கும் இல்லியா. ஊகத்துல சொல்லுங்க" என்றார் ஏசுஅடிமை.

"நீங்க பெட்டியத் திறக்காம விலை சொல்லுவியளா?"

சொல்லமாட்டார். அதனால்தான் துண்டு.

குளோரி ஊசிக்குப் பயந்தவள். சுனாமியன்றும் ஓடாமல் நின்று ஆள் எண்ணியவள், ஒக்கிப் புயலில் போன வள்ளங்களுக்காக நாலு நாள் கரையில் உட்கார்ந்து பெண்களுக்கெல்லாம் தைரியம் சொன்னவள். ஊசி என்றால் மட்டும் முகம் வெளுத்துவிடும். நாற்காலியில் ஏறுமுன் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு தடவைதான், கேட்டீரா. இனி ஒருக்கக்கூட இந்தக் கசேரியில நான் கேறமாட்டேன்." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தபோது அவர் உள்ளங்கையில் நான்கு நகக்குறிகள் இருந்தன.

துண்டு ஒரு சின்ன பாட்டிலில், தெளிந்த தண்ணீருக்குள் கிடந்தது. மேலே ஆங்கிலத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. திருவனந்தபுரத்தில் தன்னுடைய பழைய பேராசிரியை நடத்தும் பரிசோதனைக்கூடத்தில் அன்றைக்கே சேர்க்கவேண்டும் என்றார் சபிதா. "பஸ்ல போங்க. மூடியத் திறக்காதீங்க. வெயில்ல வைக்காதீங்க." எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் ஏசுஅடிமை. குளோரியை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பினார். அவருடைய லோடு வண்டி பத்து மணிக்குக் குளச்சலிலிருந்து திருவனந்தபுரத்துக்குத்தான் புறப்படுகிறது. சொந்த வண்டி போகிற ஊருக்கு டிக்கெட் எடுத்துப் போகிறவனை எந்தத் தொழில்காரன் மதிப்பான்? பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டிரைவர் செல்வதாஸுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

அது இரண்டாயிரத்துப் பதினெட்டு ஜூலை. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஆகவே வண்டியில் இருந்தது வள்ளத்து மீன், சாளையும் அயலையும். அந்த நாட்களில் மலையாளத்துக்காரர்கள் எல்லையில் ஒவ்வொரு மீன் வண்டியையும் நிறுத்திக் காகிதத் துண்டு வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வெளியூர் மீனில் ஃபார்மலின் அடித்திருந்தது பிடிபட்டு, பேப்பரிலும் டிவியிலும் வேறு பேச்சே இல்லை. பிணம் கெடாமல் இருக்க ஊற்றுகிற மருந்து அது. காகிதம் நீலமானால் வண்டி மீனையும் குழிதோண்டிப் புதைப்பார்கள், முதலாளியின் பேரையும் சேர்த்து. ஏசுஅடிமையின் வண்டி மூன்று தடவை நின்று மூன்று தடவையும் சுத்தம் என்று போயிருந்தது. அவர் சரக்கில் ஐஸ் தண்ணீர் எடையோடு சேரும், அது தொழில். மருந்து சேராது.

களியக்காவிளையில் தேநீருக்கு நிறுத்தினார்கள். செல்வதாஸ் எதிரே வந்த வண்டிக்காரனிடம் பேசிவிட்டு வந்தான்.

"மொதலாளி, முன்னால ஏழு வண்டி கெடக்கு. டிரைவர் சீட்டு அடி வரைக்கும் தேடித் தப்புகானாம்."

"தப்பட்டு. நமக்கென்ன?"

"இல்ல, உங்க பாக்கெட்டுல என்ன மருந்து? நாத்தம் அடிக்குகு."

ஏசுஅடிமை பாட்டிலை எடுத்து முதன்முறையாகச் சீட்டைப் பார்த்தார். எட்டாம் வகுப்பு ஆங்கிலம். எழுத்தெழுத்தாகக் கூட்டினார். குளோரியின் பேர் இருந்தது. வயது நாற்பத்தெட்டு. அதற்கும் கீழே இருந்த வார்த்தையைக் கூட்டவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு மாதமாக டிவியில் சிவப்பெழுத்தில் ஓடுகிற வார்த்தைதான்.

செல்வதாஸ் தேநீரைக் கீழே வைத்தான். "மொதலாளி, மீன் வண்டிக்குள்ள இதையா வச்சோண்டு வந்திய? நான் மூணு பிள்ளை வச்சிருக்கேன்."

"பயராத."

"பயராதயா? நீங்க இறங்குங்க. அந்தால பஸ் நிக்குகு, அதுல கேறிப் போங்க."

நியாயமான யோசனை. ஏசுஅடிமை பஸ் நிலையத்தை நோக்கிப் பத்தடி நடக்கவும் செய்தார். அப்படியே நடந்து போயிருந்தால் இந்தக் கதை இல்லை. நடக்கும்போது மூடியைத் திறந்துபார்த்தார்.

மூக்கில் ஏறிய காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தேகமே இல்லை, அதேதான். பிணத்துக்கு ஊற்றுகிறது. தன் சாளைக்குக்கூட முப்பது வருடத்தில் ஒரு சொட்டு காட்டாத விஷத்தில் குளோரியின் தாடை முங்கிக் கிடக்கிறது. காலையில் அந்தச் சதை அவள் உடம்பில் இருந்தது. அவர் கையை நகத்தால் கீறிக்கொண்டு அவள் கொடுத்தது. அதைக் கொண்டுபோய்ப் பிணத்தண்ணீரில் போட்டிருக்கிறார்களே, அந்தப் பெண்ணுக்குப் படிப்பு இருந்து என்ன, இதற்கெல்லாம் ஒரு கை வேண்டாமா?

தேநீர்க்கடைக்குப் பின்னால் போனார். மருந்தைச் சாக்கடையில் கவிழ்த்தார். துண்டை உள்ளங்கையில் வைத்து, குழாயில் மூன்று தண்ணீர் விட்டு, விரல்நுனியால் தொட்டுத் தொட்டுக் கழுவினார். வண்டியின் பின்கதவைத் திறந்து, நொறுங்காத நல்ல கட்டி ஐஸாகப் பார்த்து உடைத்து, கல்லுப்பு தூவி, புதுப் பிளாஸ்டிக் பையில் துண்டை நடுவில் வைத்துப் பொதிந்தார். ஏற்றுமதி இறாலுக்குக்கூட அவர் அவ்வளவு பார்த்துச் செய்ததில்லை. அதை ஒரு சிறிய தெர்மோகோல் பெட்டியில் வைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இனி எடுடே வண்டிய" என்றார்.

எல்லையில் மூன்று மணி நேரம் கிடந்தார்கள். காகிதம் நிறம் மாறவில்லை. போகலாம் என்று கையாட்டிய அதிகாரிக்கு ஏசுஅடிமை மடியிலிருந்த பெட்டியை ஒரு கையால் அணைத்தபடி வணக்கம் வைத்தார். அன்றைக்கு அவர் மனதில் இருந்த நிம்மதிக்கு அளவில்லை.

பரிசோதனைக்கூடத்தின் பேராசிரியை நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்தார். நாகர்கோவிலில் பிறந்து திருவனந்தபுரத்தில் தங்கிவிட்டவர். பெட்டியைத் திறந்தார், பையைத் திறந்தார், ஐஸை விலக்கினார். துண்டு கல்லாக உறைந்திருந்தது.

"சபிதா இப்பிடியா அனுப்பினா?"

"இல்ல டாக்டரம்மா. அந்தப் பிள்ளை விவரமில்லாம ஃபார்மலின்ல போட்டுத் தந்திச்சு. நானாக்கும் மாத்தினது." கொஞ்சம் நிறுத்தி, அடக்கமாகச் சொன்னார்: "நமக்கு மீன் தொழில்."

பேராசிரியை திட்டியிருந்தால் ஏசுஅடிமைக்கு எதிர்ப்பேச்சு பேச வசதியாக இருந்திருக்கும். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. மீனை நீங்க எதுக்கு ஐஸ்ல வைக்கிறிய?"

"கெடாம இருக்க. திங்கதுக்கு."

"இத நாங்க திங்கப் போறதில்ல. படிக்கப் போறோம். சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத அறை அறையா இருக்கும். அந்த அறை எப்பிடி அடுக்கியிருக்குன்னு பாத்துத்தான் கட்டிக்குப் பேரு சொல்லணும். வெட்டின நிமிஷத்துல எப்பிடி இருந்துதோ அப்பிடியே நிறுத்தி வைக்க அந்த மருந்துதான் வேணும். பச்சைத் தண்ணியில கழுவினா அறையெல்லாம் ஊதி வெடிக்கும். உப்புப் போட்ட ஐஸ்ல உறைஞ்சா உள்ள இருக்க தண்ணி ஊசி ஊசியா நின்னு எல்லாத்தையும் கிழிக்கும்."

ஏசுஅடிமை தன் விரல்நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் தெரியாதா அப்ப?"

"பாக்கேன். ஆனா ரொம்ப நம்பாண்டாம்."

இரண்டு நாள் கழித்துச் சபிதா கூப்பிட்டார். படிக்க முடியவில்லை. இன்னொரு துண்டு எடுக்கவேண்டும்.

ஏசுஅடிமை இரணியலுக்குத் தனியாகப் போனார். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போனார். அது நல்ல பொய், ஓட்டை இல்லாதது. பரிசோதனைக்கூடத்தில் பாட்டில் மாறிப்போய்விட்டது. எங்கேயும் நடக்கிறதுதானே. யாருடைய பேரும் கெடாது.

"பிள்ளே, நீங்க ஒரு வாக்கு சொன்னாப் போரும். அவ உங்களை நம்புவா."

"அதுக்குத்தான் சொல்லமாட்டேன்" என்றார் சபிதா. "பாட்டில் மாறிப் போற எடம்னு தெரிஞ்சா அக்கா ரெண்டாவது தடவை எதுக்கு வாயத் திறக்கணும்? நாளைக்கு நான் ஆபரேஷன்னு சொன்னாலும், வேற யாருக்க பாட்டிலோன்னு நினைப்பா. கட்டி இன்னும் வளருகு அண்ணே. அக்காவுக்கு யாராவது ஒரு ஆளு மேல முழு நம்பிக்கை வேணும்."

"என் மேல இருந்தா?"

"நீங்க உண்மையைச் சொன்னா உங்க மேலயே இருக்கும்."

ஏசுஅடிமை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது குளோரி அடுக்களையில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். தையல் போட்ட வாய்க்கு வேறொன்றும் இறங்கவில்லை. ஏசுஅடிமை வாசலில் நின்றார், உள்ளே வந்தார், மறுபடியும் வாசலுக்குப் போனார்.

"என்னவேய், பிராந்து பிடிச்ச கோழி மாதிரி? ரிசல்ட்டு வந்துதா?"

"வரல்ல."

"எப்ப வருமாம்?"

"வராது."

அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவர் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துச் சொன்னார். வண்டியில் போனதிலிருந்து ஆரம்பித்து, சீட்டு, நாற்றம், சாக்கடை என்று ஒன்றுவிடாமல். பேச்சில் வாழ்கிற மனிதன், எங்கும் ஒரு அலங்காரம் வைக்கவில்லை. கடைசியில், "இனி ஒருக்கா வெட்டணுமாம். எனக்க புத்தி கெட்டதனால" என்றார்.

குளோரி தாடையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் ஏசப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார், ஏசினால் தேவலை என்றும் இருந்தது.

"கழுவினீரா?"

"ஆமா."

"எத்தன தண்ணி?"

"மூணு."

"ஐஸு?"

"கட்டி ஐஸுதான். பொடி போடல்ல."

"உப்பு?"

"கல்லுப்பு. புது பை." கொஞ்சம் பொறுத்து, "மடியிலதான் வச்சிருந்தேன்" என்றார்.

அவள் உதட்டின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது. மறுபக்கம் வீங்கியிருந்ததால் போகமுடியவில்லை. "கலியாணம் கழிஞ்ச நாள் முதல் வீட்டுக்கு நீரு கொண்டு வந்தது எல்லாம் விக்காத மீனு. வால் முறிஞ்சது, கண்ணு செவந்தது. ஒரு நல்ல மீனை எனக்குன்னு இப்பிடிப் பொதிஞ்சு தந்திருக்கீரா?"

"இல்ல."

"எனக்க தாடைக்குத்தான் அந்தக் கொடுப்பினை." சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் பக்கத்தில் போனார். என்ன செய்வதென்று தெரியாமல், கஞ்சிப் பாத்திரத்தை எடுத்து அவள் விட்ட இடத்திலிருந்து ஆற்றத் தொடங்கினார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்குப் பயமா இரிக்கு" என்றாள். இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவள் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஊசிக்கு இல்ல. என்னதுன்னு பேரு தெரியாம இதோட கெடக்கதுக்கு."

"பேரு தெரிஞ்சிரும்."

"இனி நீரு தனியா கொண்டு போவாண்டாம். நானும் வருவேன்."

"வாய்ல தையலோட பஸ்லயா?"

"பின்ன, மீன் வண்டியிலயா?"

இரண்டாம் தடவை அவள் தானாகவே நாற்காலியில் ஏறினாள். ஊசி போடும்போது சபிதா பார்க்கச் சொன்ன இடத்தைப் பார்க்காமல் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டி முடித்ததும் சபிதா பாட்டிலை ஏசுஅடிமையிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. குளோரி வாங்கிக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர். அவர் சட்டைப்பையில் சபிதா எழுதிக்கொடுத்த கடிதம், யாராவது கேட்டால் காட்ட. எல்லையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியே வரிசையாக மீன் வண்டிகள் கிடந்தன. அவருடையதும் ஒன்று. செல்வதாஸ் முதலாளியைப் பஸ் ஜன்னலில் பார்த்துவிட்டுக் கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதிக் கையோடு நின்றான். மரத்துப்போன வாயோடு குளோரி அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எச்சில் வழிந்து அவர் சட்டை நனைந்தது. பாலராமபுரம் வரைக்கும் அவர் அசையவில்லை.

ஒன்பதாம் நாள் பேர் கிடைத்தது. அமிலோபிளாஸ்டோமா. சபிதா அதைக் காகிதத்தில் தமிழில் எழுதிக் காட்டினார். புற்றுநோய் இல்லை, உடம்பின் வேறு பாகங்களுக்குப் பொதுவாக ஓடாது. ஆனால் சுரண்டினால் போகிற இனமும் இல்லை. இருக்கிற இடத்தைக் கொஞ்சம் நல்ல எலும்போடு சேர்த்து வெட்டவேண்டும், வெட்டின இடத்தில் காலிலிருந்து எலும்பு எடுத்து வைப்பார்கள்.

"கால்ல எடுத்தா நடக்கதுக்கு?" என்றாள் குளோரி.

"அந்த எலும்பு இல்லாமயும் நடக்கலாம் அக்கா. ரெண்டு எலும்புல சின்னது அது."

"அப்ப இத்தன நாளு எதுக்குட்டி அதைச் சுமந்தேன்?"

ஏசுஅடிமை இந்தத் தடவை விலை கேட்கவில்லை. டாக்டர் சொன்ன தேதியை இரண்டு தடவை திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார். லிஜி லீவு போட்டு வந்தாள். ஆபரேஷன் காலை ஏழரைக்கு ஆரம்பித்து மாலை ஐந்துக்கு முடிந்தது. அந்த ஒன்பதரை மணி நேரத்தில் அவர் ஆஸ்பத்திரிக்கு வெளியே இளநீர் விற்றவனிடம் சொன்ன விலைக்கே மூன்று இளநீர் வாங்கி, மூன்றையும் குடிக்காமல் பெஞ்சில் வைத்திருந்தார்.

குளோரி கண்விழித்தபோது கழுத்தில் ஒரு குழாய் இருந்தது, மூச்சுக்கு. மூக்கில் ஒன்று, சாப்பாட்டுக்கு. பேச்சு இல்லை. லிஜி ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தாள். முதல் நாள் குளோரி எழுதியது ஒரே வார்த்தை: "கண்ணாடி." லிஜி தயங்கினாள். ஏசுஅடிமை எழுந்துபோய்ப் பக்கத்துக் கட்டில்காரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

குளோரி பார்த்தாள். முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, காதிலிருந்து கழுத்துவரை தையல் ஓடியது. கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தி நேராகப் பிடித்தாள். ஒரு பக்கம் சரியாமல் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தது. கண்ணாடியைக் கொடுத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை நகம் பதியவில்லை.

பத்தாம் நாள் கழுத்துக் குழாயை எடுத்தார்கள். பேசலாம், ஆனால் குறைத்துப் பேசவேண்டும் என்றார்கள். பேச்சைக் குறைத்து அவளுக்குப் பழக்கமில்லை. மொத்தமாக நிறுத்திவிட்டு நோட்டிலேயே தொடர்ந்தாள். டிஸ்சார்ஜ் ஆகிற அன்று காலை, லிஜி மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், தலையணையில் சாய்ந்து வெகுநேரம் எதையோ எழுதினாள். இடையில் நாக்கால் வாய்க்குள் தடவி எண்ணிப்பார்த்தாள். காலில் போட்டிருந்த கட்டை நீக்கித் தழும்பைச் சாணால் அளந்தாள். பிறகு பக்கத்தைக் கிழித்து ஏசுஅடிமையிடம் நீட்டினாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்தபடி வாசித்தார்.

"தாடை எலும்பு போனது அஞ்சு விரல்.
கால் எலும்பு வந்தது அஞ்சு விரல். நேர்.
பல்லு போனது அஞ்சு. வந்தது இல்ல. ஒரு வருஷம் கழிஞ்சு வைக்கலாம்னு டாக்டர் வாக்கு. பாக்கி அஞ்சு.
பரிசோதனைக்கு வெட்டினது ரெண்டு துண்டு. உபயோகம் ஒண்ணு.
ஐஸ்ல போனது ஒண்ணு. ஏசுஅடிமை பற்று. சாவுறது வரைக்கும் தீர்க்காண்டாம்."